மறுகால்

ஹாலிஃபாக்ஸுக்கு மேலே, புதர் மண்டிய மேட்டுநிலத்தில்
மழைக்கு இது ஒன்பதாம் நாள்.
டெரன்ஸ் ஹோல்ராய்ட் அளவுகோலைப் படிக்கிறார்:
விளிம்புக்கு இன்னும் நான்கு விரற்கடை.
நோட்டில் ஏற்றுகிறார். இருபத்தாறு வருடமாக
அதே சாய்ந்த ஏழு, அதே நீல மை.

உள்சட்டைப் பையில் கடிதம்.
ரிடண்டண்ட் ஆவது பதவிதான், நீங்கள் அல்ல என்று
லீட்ஸிலிருந்து வந்த பெண் விளக்கினாள்,
பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தியபடி.
இனி ஒரு டப்பா படிக்கும் நீர்மட்டத்தை,
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை.
அதற்கு பூட்ஸ் வேண்டாம். பென்ஷன் வேண்டாம்.

இரவு ஜிலியன்
குறுக்கெழுத்துக்கு வைத்திருக்கும் அகராதியைப் புரட்டினாள்.
அந்தச் சொல்லின் காலடியில், எறும்பு எழுத்தில்,
லத்தீன்: திரும்பவும் அலையடித்தல்; ததும்பி வழிதல்.
“நீ பொங்கி வழிகிறாயாம், டெரி.”
சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.
அவரும் சிரித்தார். அப்புறம்
இரண்டே இரண்டு தட்டுகளை
ரொம்ப நேரம் கழுவினார்.

அந்த லத்தீன் அலைக்குப் பெயர்
உண்டா.
என் காதில் அது அலையாக விழவில்லை,
கேள்வியாகத்தான் விழுகிறது.
ஆள் உண்டா, வேலை உண்டா, நாளைக்கு உண்டா,
கரைவரை வந்து வந்து கேட்டுவிட்டு
பதில் வாங்காமல் திரும்புகிற ஒன்று.

மிகை என்ற சொல்லுக்குள்
குற்றம் என்ற பொருளையும் வைத்துவிட்டுப் போன
மொழிதான் என்னுடையதும்.
ஆனால் ஏரி நிறைந்து கலிங்கு தாண்டினால்
தண்ணீரை யாரும் ஆபீஸுக்குக் கூப்பிட்டு உட்காரவைப்பதில்லை.
மறுகால் பாய்கிறது என்கிறோம்,
கொஞ்சம் சத்தமாகவே.

வெள்ளிக்கிழமை, கடைசி நாள்.
மூன்றே முக்காலுக்கு நீர் விளிம்பைத் தொட்டது.
முதலில் ஒரு நாக்கு. பிறகு கண்ணாடிப் பாளமாக,
கற்படிகளில் உடைந்து உடைந்து
ஊர்ப்பக்கம் இறங்கியது.
டப்பாவில் பச்சை விளக்கு ஒருமுறை மின்னியது.
அது தன் எண்ணை அனுப்பிவிட்டது.

டெரன்ஸ் எண் எழுதவில்லை.
குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு,
இத்தனை வருடமும் காலியாகவே விட்டது.
அதில் ஒற்றைச் சொல்: வழிகிறது.
எது என்று எழுதவில்லை.

குடிசைக்குள் பெஞ்சில் உட்கார்ந்து
ஒரு பூட்ஸைக் கழற்றினார்.
சாக்ஸைப் பிழிந்தார்.
மறு கால்
இன்னும் ஈரத்துக்குள் இருந்தது.
அவசரம் இல்லை.