சுக்கானின் இடது காது

ராயப்பன் படகுக்கு எண் எழுதுகிறவர்.
தங்கச்சிமடத்தில் செத்தவர்களைச்
சட்டத்துக்குள் சிரிக்கவைப்பதும் அவர்தான்.
நாய் என்று இதுவரை வரைந்தது ஒன்றே ஒன்றுதானாம்:
ஆரோக்கியநாதர் காலடியில், வாயில் ரொட்டியோடு.
"அந்த அளவு கைவசம் இருக்கு.
ரொட்டிய மட்டும் எடுத்துருவோம்."

வேண்டாம் என்றேன்.
எங்கள் நாய் ரொட்டியை மோந்துகூடப் பார்க்காது.
காரல் தலை தின்னும்,
அதுவும் சுட்டுக் கொடுத்தால்.

சதுர அடிக்கு நானூறு. இரண்டுக்கு இரண்டு.
நண்டுக் கம்பெனியில் ஒரு வாரம்
ஓடு உடைத்த கூலி. பேரம் பேசவில்லை.
பலகை, பழைய ஐஸ் பெட்டியின் மூடி.
எத்தனை முறை தேய்த்தும் கவிச்சி போகவில்லை.
இருக்கட்டும். அதற்கும் அது பிடிக்கும்.

போட்டோ கேட்டார்.
செல்போனில் இருப்பதெல்லாம்
வேறு யாரையோ எடுக்கப்போய் விழுந்தவை.
மகளின் புதுநன்மைப் படத்தில் ஒரு வால்.
மச்சினன் பைக் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மூக்கு.
பாலத்தில் ரயில் போகிறது,
கீழ் ஓரத்தில் நனைந்த முதுகு.
மூன்றையும் சேர்த்து ஒரு நாயைக் கட்ட வேண்டும்.

"நிறம்?"
"மழை விட்ட மறுநாள் மணல் இருக்குமே, அது."
அவர் நோட்டில் எழுதினார்: பழுப்பு.

"காது?"
"இடது காது கிழிஞ்சிருக்கும்."
"கிழியல," என்றார் இன்னாசி.
அதுவரை வாசலில் நின்று
வலை ஊசியால் நகம் சுரண்டிக்கொண்டிருந்தவர்.

கிழிந்தது கச்சான் அடித்த ஆடியில்.
ஐஸ் கம்பெனி நாய்களோடு சண்டை.
இவர் அப்போது யாழ்ப்பாணம் சிறையில்.
மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து
நான்தான் பூசினேன், கடி வாங்கிக்கொண்டு.
ஆறு மாதம் கழித்து வீட்டுக்குள் நுழைந்ததும்
இவர் கூப்பிட்ட முதல் பேர் என்னுடையதில்லை.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

புதைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

இவர் பார்க்காத காது அது.
சுக்கான் என்று பேர் வைத்தும்
அணியத்தில்தான் போய் உட்காரும் அந்த நாய்க்கு
இவருக்குள் இரண்டு காதும் முழுசு,
காற்றில் பின்னால் மடங்கியபடி.
எனக்குள் ஒன்று,
பூவரச இலையைப் புழு தின்ற மாதிரி.

ஒரு பீடி தீரும்வரை ராயப்பன் பேசவில்லை.
"ரெண்டு பேரும் ஒரே நாயத்தான சொல்றீங்க?"

விட்டுக்கொடுத்துவிடலாம் என்றிருந்தேன்.
ஆறு மாதத்துக்கு ஒரு காது பெரிதா என்ன.
முழுசாவே போடுங்க என்று வாயெடுக்கும்போது
இன்னாசி பக்கத்தில் வந்து குந்தினார்.
"எந்த இடத்துல?"

என் காதைத் தொட்டுக் காட்டினேன்.
கம்மல் துளைக்கு ஒரு விரல் மேலே,
இவ்வளவு ஆழம்.
கம்மல் ஆடியிலிருந்து அடகில் இருக்கிறது.
அவர் விரல் அந்த வெறும் துளையில்
கொஞ்ச நேரம் நின்றது.

ராயப்பன் பலகையைப் பார்த்தபடி சொன்னார்:
"கண்ணு நாளைக்குப் போடுறேன். வெளிச்சம் போயிருச்சு."
முன்பணம் ஐநூறு வாங்கிக்கொண்டார்.

ரோட்டுக்கு வந்துவிட்டோம்.
பின்னாலிருந்து சத்தம்:
"இடதுன்னா, நாய்க்கு இடதா,
பாக்குறவங்களுக்கு இடதா?"

"நாய்க்கு," என்றோம்,
இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.