இரண்டு விரல்

ஓல்ட்டனில் பதினோராவது நாளாகப் பனிமூட்டம்.
ஆரே ஆறு அங்கேதான் கிடக்கிறதா என்பதைக்
காதால் கேட்டுத்தான் நம்பவேண்டும்.

மருத்துவிச்சி ஸ்பிண்டன் மகளைத் தராசில் கிடத்தி
மூவாயிரத்து நானூற்றுப் பத்து என்று எழுதினாள்.
பிறகு சும்மா ஒரு பேச்சுக்கு அம்மாவிடம்:
உங்களுக்கு எத்தனை பிரசவம்?

அடுப்படியில் சரக்குத்தூள் கரைத்துக்கொண்டிருந்த அம்மா
திரும்பாமலே
இரண்டு விரலைக் காட்டினாள்.

நான் ஒருத்தி.

கரண்டி நின்றது. பிறகு சுற்றியது.
அடுத்த வியாழன் வருவதாகச் சொல்லி
மருத்துவிச்சி படியிறங்கினாள்.

பிள்ளையின் கழுத்தை அம்மா ஏந்துகிற விதம்
என்னைத் தூக்கிப் பழகியது என்றே இருந்தேன்.
அவளுடைய அகதி மனுவில்
'பிள்ளைகள்' என்ற இடத்தில் ஒரு கோடு.
பதினாறு வயதில், குடியுரிமைக்காக,
அதை அவளுக்கு வாசித்துச் சொன்னதும் நான்தான்.
ஓம் என்று தலையாட்டினாள்.

இரவு மூன்றரை.
பால் கட்டி மார்பு கல்லாகக் கிடந்தது.
வெந்நீர்த் துணியோடு வந்தாள்.
அழுத்திக்கொண்டே, சுவரைப் பார்த்து,
"எனக்கு அப்ப பால் வத்த
ஒன்பது நாள் எடுத்தது" என்றாள்.

எந்த ஊரில் என்று கேட்க வாயெடுத்தேன்.
துணி ஆறத் தொடங்கியிருந்தது.

"மற்றப் பக்கம் திரும்பு."