தணிக்கைத் தடை 14: பதில் வரைவு

ஐயா,
கண்ணாடி ஒன்று, மூன்றடிக்கு இரண்டடி,
ரூபாய் நானூற்று அறுபது,
ஆட்டுக் கொட்டகைக்கு எதற்கு
என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கிய இடம் செவ்வாய்ப்பேட்டை.
அன்றைக்கு ஆபீஸ் ஜீப் பழுது.
டவுன் பஸ்ஸில் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன்.
அஸ்தம்பட்டி வரை
ஒரு பையன் அதில் தலை வாரிக்கொண்டான்.
அவன் இறங்கியதும்
சேர்வராயன் மலை மொத்தமும் ஏறி உட்கார்ந்தது.
டிக்கெட் ஒன்றுதான். இணைத்துள்ளேன்.

ஆட்டுக்கொல்லி நோய் தாங்கள் அறிந்ததே.
வாய் புண்ணாகும், மூக்கு அடைக்கும்,
ஒரு பட்டி காலியாக அதிக நாள் வேண்டாம்.
தடுப்பூசியைச் சோதிக்கப் பன்னிரண்டு மேச்சேரி ஆடுகள்.
ஒன்பதுக்கு ஊசி போட்டு, பிறகு நோய்.
மூன்றுக்கு வெறும் நோய்.

இந்த மூன்று
நான் வேலையில் சேர்ந்த வருடம் பத்தாக இருந்தது.
அப்போது எனக்கு மரண நேரம் குறிக்கும் வேலை.
அதிகாலை மூன்று பத்து, நான்கு நாற்பது.
கையில் பேனா மட்டும்.
அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம்,
கூட்டத்துக்குக் கூட்டம் ஒன்றொன்றாகக் குறைத்தேன்.
கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற மாதிரி
என்றார் ஒரு இயக்குநர்.
மூன்றுக்குக் கீழே போனால் புள்ளியியல் நிற்காது.
அதையும் நானே போட்டுப் பார்த்தேன்.
நிற்காது என்று தெரிந்த இரவு சாப்பிடவில்லை.
இந்த வரியை அடித்துவிடவும்.

சாகும்வரை காத்திருப்பது பழைய விதி.
தலை தூக்கவில்லையா, ஜுரம் இறங்கவில்லையா,
அத்தோடு நிறுத்து என்பது இப்போதைய விதி.
எழுதியது நான்.
ஆகவே ஊசியும் நானே போடுகிறேன்,
வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

எட்டாம் நாள் இரண்டு போயின.
பதினேழாம் எண் தனியாக நின்றது.

ஆட்டுக்குத் தனியாக இருக்கத் தெரியாது ஐயா.
கத்தியது. தொண்டை போனபின்
சத்தமில்லாமல் கத்தியது.
ஒன்பதோடு சேர்க்க முடியாது, சோதனை கெடும்.
புது ஆடு கொண்டுவந்தால் அதற்கும் நோய்.
எங்கோ படித்திருந்தேன்,
தனித்த ஆடு கண்ணாடியில் தன் முகம் பார்த்தால்
கொஞ்சம் அடங்கும் என்று.
மூன்று விலைப்புள்ளி வாங்காதது என் தவறு.
ஆடு அவகாசம் தரவில்லை.

கொட்டகைப் பணியாளர் அர்த்தநாரி
கம்பியில் கட்டி நிறுத்தினார்.
“அது நெசம் இல்லேன்னு அதுக்குத் தெரியாதா மேடம்?”
தெரியவில்லை என்றேன்.
ஆடு வெகுநேரம் முகர்ந்தது.
கண்ணாடி பனித்தது, தெளிந்தது, பனித்தது.
பிறகு அதன் பக்கத்தில், அதை ஒட்டி, படுத்துக்கொண்டது.
புண் வாயோடு
வெள்வேல நெற்று ஏழு தின்றது.
எண்ணியவர் அர்த்தநாரி.

மூன்று நாள்.

பதினோராம் நாள் காலை தலை தூக்கவில்லை.
மருந்தை ஏற்றிக்கொண்டு குனிந்தபோது
கண்ணாடியில் நாங்கள் மூவரும் இருந்தோம்.
ஊசி பிடித்த பெண்
எனக்குத் தெரிந்தவள் மாதிரி இல்லை.
ஆடு அவளைப் பார்க்கவில்லை,
அதன் பக்கத்தில் படுத்திருந்த ஆட்டைப் பார்த்தது.
இதையும் அடித்துவிடவும். இல்லை, இருக்கட்டும்.

ஒன்பதும் நலம். மேய்கின்றன.
ஊசி வெளிச்சந்தைக்கு வரும்போது
இளநீரைவிட மலிவாக இருக்கும் என்கிறார்கள்.

கண்ணாடி இருப்புப் பதிவேட்டில், பக்கம் 61.
கீழ் விளிம்பில் சளி காய்ந்த தடம் இருந்தது,
கிருமிநாசினியால் துடைக்கப்பட்டது.
தொகையை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள ஆட்சேபணை இல்லை.

அடுத்த சோதனை தை மாதம்.
கண்ணாடி மூன்று தேவை.
இம்முறை மூன்று கடைகளில்
விலைப்புள்ளி வாங்கி இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கோ. மரகதவல்லி,
கால்நடை மருத்துவர்