நான்கு பைட்டில் எழுதிய அளவு

புந்தா அரேனாஸ். ஜன்னலை அறையும் காற்று.
கடலடி ஒலிவாங்கி அனுப்பிய ஜிப் கோப்பை
மறுபடி திறக்கிறாள் மக்கரேனா.

உள்ளே ஒரு குளிர்காலம் முழுவதும்.
தலைப்பில் இருக்கும் அளவோ
முப்பத்தேழு எம்பி.

நானூற்றுச் சொச்சம் கோடி பைட்டில்
பழைய டாக்ஸி மீட்டர் போலச்
சுழியத்துக்குத் திரும்பிவிட்ட எண்.
அதை நம்பி அங்கேயே நின்றிருக்கிறது நிரல்.

மொத்தமாய்க் கொட்டினால் நினைவகம் தாங்காது.
அறுபத்துநான்கு கேபியாக
மொண்டு மொண்டு விரிக்கிறாள்,
அளவைக் கேட்காமல்.

விடியுமுன்
நவுவேலின் ஹெட்போனில் நீளுகிறது ஒரு முனகல்.
வெகுநேரம் கழித்து,
அதற்குப் பதில்போல் இன்னொன்று.

போன மாத அறிக்கை, பக்கம் ஒன்பது:
"இத்துடன் திமிங்கிலம் மௌனமாகிறது."

அடித்தாள்.
"எண்ணத் தெரியாதது நாங்கள்தான்"
என்று எழுதி, அதையும் அடித்து,
'திருத்தம்' என்று மட்டும் போட்டாள்.