பழங்களின் பெயரில் நாடுகள்

யார் மனமும் புண்படக் கூடாதென்று
நாடுகளுக்குப் பழங்களின் பெயர் வைத்திருந்தோம்.
மங்குஸ்தான், ரம்புத்தான், லாங்கான், சிக்கு.
டுரியானை மட்டும் விட்டுவிட்டோம்,
ஓட்டலுக்குள் அதற்கு அனுமதியில்லை.

ஒன்-நார்த் பக்கம், பதினோராம் மாடி.
குளிரைக் குறைக்கச் சொல்லி மூன்று முறை கேட்டாயிற்று.
என் வேலை சின்னது:
ஒரு நிறுத்துகடிகாரம், உறையிலிட்ட அட்டைகள் நாற்பது.
நேரம் வந்ததும் மேசை மேசையாகப் போய்
ஒரு கெட்ட செய்தியை வைத்துவிட்டு வரவேண்டும்.

நாள் ஒன்று. ரம்புத்தானின் வடக்கே
பண்ணையாட்கள் ஒன்பது பேருக்குக் காய்ச்சல்.
நாள் இரண்டு. ஒரு தாதிக்கும்.
லாங்கானாக அமர்ந்திருந்த மருத்துவர் கம்சாய்
ஒவ்வோர் அட்டைக்கும் நன்றி சொன்னார்,
கறிபஃப் தட்டை நீட்டியவளிடம் சொல்வதுபோல.

அறிக்கையில் எழுதவேண்டியது
'சந்தேகிக்கப்படுகிறது' என்றா
'கண்காணிக்கப்படுகிறது' என்றா?
இருபது நிமிட விவாதம்.
அதற்குள் என் உறையில்
இன்னும் நான்கு பேர் படுத்துவிட்டார்கள்.

ரம்புத்தான் மேசை அம்மையாருக்குத்
தேநீர் இடைவேளையில் ஓர் அழைப்பு.
நிஜத்தில் அவர் எந்த நாடென்று எழுதமாட்டேன்.
அதைச் சொல்லும் உரிமை அவருடையது.
மின்தூக்கி அருகே நின்று பேசினார்.
அவர் மொழி எனக்குத் தெரியாது.
ஆனால் விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன:
கை முழுதும் விரிந்து, மூடி,
பிறகு இரண்டு.

திரும்பி வந்தவர்
'ரம்புத்தான்' பலகையைக் குப்புறக் கவிழ்த்தார்.
"இது பயிற்சி இல்லை.
ஏழு பேர். எங்கள் தெற்கில்.
தலைநகர் நாளை அறிவித்தாலும் அறிவிக்கும்.
நான் சொன்னதாக..."
அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

ஏன் தாமதம் என்று யாரும் கேட்கவில்லை.
எந்தச் சந்தை, எந்த ஏற்றுமதி என்றும்.
மனதில் ஓடியிருக்கும்.
என் மனதில் ஓடியது, சொல்ல வெட்கம்:
தேக்காவில் அண்ணனின் கோழிக்கடை.

முதலில் வாய் திறந்தவள் மணிலாக்காரி லிகாயா.
"சோதனைப்பொருள் எத்தனை நாளைக்கு வரும்?"
இரண்டு.
"உலர்பனி?"
மீன் கம்பெனிக்காரரைக் கேட்கவேண்டும்.
கம்சாய் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்,
கம்பளத்தையும் மீறி அது கிரீச்சிட்டது.
என் மேலதிகாரி மிஸ் கோ
காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டுச்
சாங்கி சரக்கு முனையத்தில் யாரையோ
ஹொக்கியனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.
அவர் கெஞ்சி அன்றுதான் பார்த்தேன்.

எழுதக் காகிதம் வேண்டுமென்றார்கள்.
உறையில் மேலாக இருந்ததை உருவினேன்.
நாள் நான்கு:
ரம்புத்தான் உண்மையைச் சொல்லிவிட்டது.
மங்குஸ்தான் எல்லையை மூடுகிறது.
மற்ற நாடுகள் பின்தொடர்கின்றன.
போன மாதம் இதை எழுதும்போது
சிரித்தோம், இது நடக்காமலா போகும் என்று.

பின்பக்கம் வெறுமையாக இருந்தது.
உலர்பனி இருபது கிலோ.
இரவு பதினொன்று நாற்பது விமானம்.
இறங்கும் இடத்தில் வாங்கிக்கொள்பவர்:
பெயர் இல்லை, ஒரு கைத்தொலைபேசி எண் மட்டும்.
அதை அம்மையார் தன் கையால் எழுதினார்,
ஏழுக்கு நடுவே ஒரு கோடு போட்டு.

பெட்டி ஏறிவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தபோது
வட்டப்பாதை ரயிலில் இருந்தேன்.
ஹாலந்து வில்லேஜில் யாரோ இருமினார்கள்.
கைப்பையைத் துழாவினால்
நிறுத்துகடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அட்டை என்னிடம்தான் இருக்கிறது.
கடைசியில் எந்தப் பக்கம் நடந்தது என்று கேட்டால்,
இரண்டும், கொஞ்சம் கொஞ்சம்.
அண்ணன் மூன்று வாரம் கடையை மூடினான்.
யார் முதலில் சொன்னார்களாம் என்று கேட்டான்.
சோற்றைப் பிசைந்தபடி
தெரியாது என்றேன்.