மற்றத் திறப்பு

கெமிஸ்ரி டியூட்டின் பதினேழாம் பக்கத்தை
பஸ் நிலையத்தடியில் ஒரு மான் தின்றது.
மிச்சத்தையும் தின்ன விட்டிருக்கலாம்.
நான்தான் இழுத்துப் பறித்தேன்,
எச்சிலைத் துடைத்து, மடித்து,
உன்னிடம் தந்தேன், யது,
காய்ச்சலில் நீ வகுப்புக்கு வராத செவ்வாய்க்கிழமைக்காக.

இருபத்தோராம் பக்கத்து ஓரத்தில்
பென்சிலால் அவன் எழுதியதை மறந்துபோனேன்:
"நாளைக்கு டச் பே. அஞ்சரை."

லக்சிதனின் 'ஞ்' உனக்குத் தெரியும்.
வாலறுந்த பல்லி மாதிரிக் கிடக்குதடி என்று
முதலில் சொல்லிச் சிரித்தவளே நீதான்.
உனக்கு அவன் எழுதியதையெல்லாம்
எனக்குத்தான் வாசித்துக் காட்டினாய்,
உவர்மலை ஏற்றத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு,
மூச்சு வாங்க வாங்க.
நான் 'ம்' கொட்டினேன்.
எத்தனை 'ம்', யது.
ஒன்றாவது தொண்டையில் சிக்கியிருக்கக்கூடாதா?

அஞ்சரைக்கு நான் போனதும் உன் சைக்கிளில்தான்.
அம்மாவுக்கு மருந்து எடுக்கவேணும் என்று
கேட்டு வாங்கினேன்.
டியூட்டை நெஞ்சோடு அணைத்தபடி
"கவனம், பின் பிரேக் பிடிக்காது" என்றாய்.
அப்போதே வாசித்திருந்தாயா?
இதை மட்டும்
இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மலையில் பூசை மணி அடித்தது.
கடலை வண்டிக்காரன் விளக்கைக் கொளுத்தினான்.
லக்சிதன் என் கையைப் பிடித்திருந்தான்;
அவன் விரலெல்லாம் உப்பும் மிளகாய்த்தூளும்.
நீ நடந்து வந்தாய்,
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு,
காய்ச்சல் விடாத கண்களோடு.

அழுவாய் என்று நினைத்தேன்.
அறைவாய் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.
"திறப்பைத் தா" என்றாய்.

தந்தேன்.
மணலில் சைக்கிள் உருள மறுத்தது.
உதவிக்கு எழும்பின என்னைப் பார்த்தாய்.
நான் இருந்துவிட்டேன்.

"நான் கதைக்கிறன் அவளோட" என்றான்.
சொல்லிவிட்டு
கடலை முடியும்வரை அங்கேயே இருந்தான்.

பிறகு பெறுபேறு.
உனக்கு யாழ்ப்பாணத்தில் மருத்துவம்.
அவனுக்கு மொறட்டுவ.
எனக்கு பூச்சியம் தசம் பூச்சியம் மூன்றால்
இன்னொரு வருசம், அதே வாங்கு, அதே சேர்.
வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்:
"கம்பஸ் தொடங்குது. மூண்டு பேருக்கும் இதுதான் நல்லது."
உனக்கும் அதே வரிதான் வந்திருக்கும்.
அவன் எப்போதும் கணக்கில் கெட்டிக்காரன்.

அவனுக்காக ஓர் இரவு அழுதேன்.
ஓர் இரவு போதுமாயிருந்தது, எனக்கே வெட்கம்.

நீ போன காலையில்
பழக்கடை மறைவில் நின்றேன்.
உன் அம்மா கண்டுவிட்டா.
"ஏன் பிள்ளை தள்ளி நிக்கிறாய், வாவன்" என்றா.
அவவுக்கு நீ சொல்லவில்லை.
ஒருவருக்குமே சொல்லவில்லை.
யன்னலோரத்தில் இருந்து
பஸ் வெளிக்கிடும் வரைக்கும்
முன் சீற்றின் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இப்போது சைக்கிள் உன் தம்பியிடம்.
நேற்று வகுப்பு விட்டதும்
பின் சில்லைத் தூக்கிப் பிடித்து
தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு போனான்.
திறப்பைத் துலைச்சிட்டானாம்,
உன்னைப் போலவே.

பத்தாம் ஆண்டில் நீ தந்தது
என் பென்சில் பெட்டிக்குள் கிடந்தது:
"நான் எங்கையும் விட்டிடுவன், மற்றதை நீ வச்சிரு."
எடுத்து, குந்தியிருந்து, பூட்டைத் திறந்தேன்.
கொஞ்சம் கறள். இரண்டாம் தரம் திருப்பத்தான் திறந்தது.

பவிஷன் என்னையும் திறப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.
"இது எப்பிடியக்கா உங்களிட்ட?"

மான் ஒன்று வந்து
அவன் கொப்பியை முகர்ந்தது.
"பிடி, பிடி, தின்னப்போகுது" என்றேன்.