நாற்பத்தொன்பது புள்ளி ஏழு ஒன்று

புதுவயல் துணை மின்நிலையம்.
மாலை ஆறு ஐம்பத்திரண்டு.
அரிசி ஆலைகளின் அவியல் நெடி
கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.
மீட்டரில் சிவப்பு எண்
49.98, 49.97, 49.98 என்று
தூக்கத்தில் புரளும் பிள்ளையாய்ப் புரள்கிறது.
ஐம்பதுதான் அதன் ஊர்.
போய்ச் சேர்ந்து தங்குவதில்லை,
விட்டு விலகுவதும் இல்லை.

அடைக்கலம் டீ வாங்கி வந்தான்.
தூக்கின் மூடியைத் திறக்குமுன்
49.71.

எப்போது எழுந்து நின்றேன், தெரியவில்லை.
பதினோரு வருட ஷிஃப்டில்
இந்த எண் இப்படி விழுந்து
இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன்.
எங்கோ, மிகப் பெரிய ஒன்று
கையை விட்டிருக்கிறது.

வடக்கே ஒரு அனல்மின் நிலையம்.
பின்னால் பெயர் சொன்னார்கள்,
என் நாக்கில் நிற்கவில்லை.
மூவாயிரம் மெகாவாட்,
அத்தனை யூனிட்டும் ஒரே மூச்சில் வெளியே.
அங்கே சைரன் ஊதியிருக்கும்.
கரி, பெல்ட்டின் பாதி வழியில் நின்றிருக்கும்.
ஹெல்மெட்டைப் பிடித்தபடி
எவனோ படியிறங்கி ஓடியிருப்பான்.
அவன் முதல் படியில் கால் வைக்குமுன்
சேதி புதுவயலுக்கு வந்துவிட்டது.
ஆள் இல்லை, தந்தி இல்லை, மொழிகூட இல்லை.
இந்த ஊர் மோட்டார்கள் எல்லாம்
ஒரு நூலளவு மெதுவாய்ச் சுற்றின.
யாரும் கவனிக்கவில்லை.

பள்ளியில் நாட்டை வரைபடமாய்த் தந்தார்கள்;
பச்சை தீட்டி ஐந்து மார்க் வாங்கினேன்.
இப்போது எனக்குத் தெரிந்த நாடு
இந்த நான்கு இலக்கம்.
ஜம்முவில் சட்டை தேய்க்கிறவளுக்கும்
காரைக்குடியில் மாவரைக்கிறவனுக்கும்
இதே எண், இதே நொடியில்.

போன். சென்னையிலிருந்து,
முகம் பார்த்திராத அந்தக் குரல்:
“நாலு மெகாவாட் இறக்குங்க மேடம். உடனே.”

சுழற்சிப் பட்டியலில் இன்று மில் ஃபீடர்.
நான் தேர்ந்தெடுக்கவில்லை என்று
சொல்லிக்கொள்ள வசதியான தாள் அது.
பிடியைத் திருகினேன்.
யார்டில் பிரேக்கர் அறைந்தது,
வேலியில் இருந்த மைனாக்கள் பறந்தன.
மேற்கே மில் வரிசை ஒரே இழுப்பில் இருண்டது.

சாத்தப்பன் மூன்றாவது நிமிடம் கூப்பிட்டார்.
“டிரையர்ல நாப்பது மூட்டை கெடக்கு ஆத்தா.
கூரை முழுக்க சோலார் போட்டிருக்கேன்,
எனக்கு எதுக்கு வெட்டு?”
“சூரியனுக்கு ஷிஃப்ட் முடிஞ்சிருச்சு அண்ணே.”
“கரிக்காரனுக்கு என்னவாம்?”

என்னவென்று சொல்ல?
பகலெல்லாம் அவனை அடங்கு என்கிறோம்,
உங்கள் கூரைக்கு இடம் விடு என்கிறோம்;
விளக்கு வைக்கும் நேரம்
எழு, ஓடு, ஊரைத் தூக்கு.
பாய்லர் குழாய் தினம் விரிந்து தினம் சுருங்குகிறது.
இரும்புக்கும் மூட்டுவலி உண்டு.
இன்று விழுந்தது அதனாலா,
வேறு ஏதாவதா, தெரியாது.
தெரியாததைப் போனில் சொல்லக் கூடாது.

பரிந்து பேசவும் வாய் வரவில்லை.
போன வருடம் தூத்துக்குடியில்
கொடியில் உலர்ந்த வெள்ளைப் பாவாடையை
ஒரு பெண் மறுபடி உதறிக்கொண்டிருந்தாள்.
உதற உதறச் சாம்பல்.
அந்தச் சாம்பல் கல்லாகி லாரியேறி
இங்கே வருகிறது:
யார்டின் சுற்றுச்சுவர் அது,
அடைக்கலம் கட்டும் வீடும் அது.
மின்சாரம் எரிந்து தீர்ந்துவிடும்.
சாம்பல் மட்டும்தான் நமக்கு முகம் காட்டுகிறது,
முழங்கை உரசினால் தோலும் எடுக்கிறது.

49.78.
மலைகளில் யாரோ மதகு திறந்திருக்க வேண்டும்.
49.86.
டீ ஆடை கட்டிவிட்டது.

ஏழு முப்பத்தொன்று. “ஏத்திக்கங்க மேடம்.”
“அங்க யாருக்காவது அடிபட்டுச்சா?”
ஒரு நொடி மௌனம்.
“அது எங்களுக்கு வராதுங்க.”

பதிவேட்டில் காரணம் என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
மேலிட உத்தரவு என்று எழுதி,
ஞானசௌந்தரி என்று ஒப்பமிட்டேன்.
ஓடியவன் அதில் கொள்ள மாட்டான்.

மறுபடி சாத்தப்பன்.
நன்றி சொல்ல இல்லை.
“இனிமே போகாதுல்ல?”
மீட்டரைப் பார்த்தேன்.
“நாப்பத்தொம்பது தொண்ணூத்தாறு அண்ணே.”
“அப்படின்னா?” என்றார்.